உடம்பு வேறு, உடை வேறு

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் கன்னியக்கோயிலில் இறங்கி, கிழக்கே கடலை நோக்கிப் போனால் மணப்பட்டு வரும். வாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோரக் கிராமம். அங்கிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. விஷயம் இதுதான்:

"பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டில் இருந்தபடியே ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். தம்பி விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. என் தையலுக்கென்று ஒரு வலைப்பக்கத்தை நானே செய்ய வேண்டும் என்று ஆசை. வீடியோ பார்த்து ஆரம்பித்தேன். மூன்றே நாளில் தலை சுற்றிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் படம் ஓடிப்போகிறது. படத்தை இழுத்து வைத்தால் கட்டம் திரைக்கு வெளியே நீட்டிக்கொள்கிறது. வகுப்பில் சேரப் பணமில்லை. ஆங்கிலமும் சுமார்தான். 'தைக்கிற வேலையைப் பாரேன், இதெல்லாம் உனக்கு எதற்கு?' என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு இது வருமா, வராதா? முகத்துக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்."

உள்ளதையே சொல்கிறேன், சகோதரி. வரும். தைக்கத் தெரிந்த கைக்குப் பாதிப் பாடம் ஏற்கனவே தெரிந்திருக்கிறது. நீங்கள் திணறியதற்குக் காரணம் புத்திக் குறைவு அல்ல, வரிசை மாறிப்போனதுதான். அளவெடுக்கும் முன்பே துணிக்குச் சாயம் போடத் தொடங்கிவிட்டீர்கள். வலைப்பக்கத்துக்கு உடம்பு என்று ஒன்று உண்டு, உடை என்று ஒன்று உண்டு. இரண்டையும் தனித்தனியே வைக்கத் தெரிந்துகொண்டால் முக்கால் கிணறு தாண்டினமாதிரி.

பட்டணத்து வாசகிகளும் இதைப் படித்து வைப்பது நல்லது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஊறுகாயோ ஓவியமோ பாட்டு வகுப்போ நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் இதே சந்தேகம்தான்.

உனக்கு எதற்கு?

வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

வலைப்பக்கம் என்ற ஒன்றை உலகத்துக்குத் தந்தவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர். ஜெனீவாவில் உள்ள 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது, 1989-இல் தம் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1991-இல் முதல் வலைத்தளம் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி, இந்த ஏற்பாட்டை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உபயோகிக்கலாம் என்று செர்ன் அறிவித்துவிட்டது. அதனால்தான் இன்று மணப்பட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் செய்ய நீங்கள் யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

இது பலருக்கும் தெரிந்த கதை. அவருடைய தாயாரின் கதை அவ்வளவாகத் தெரியாது. மேரி லீ வுட்ஸ் என்பது அந்த அம்மாளின் பெயர். 1950-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் ஃபெரான்டி கம்பெனியில், கணினிக்குக் கட்டளைகள் எழுதும் வேலையில் இருந்தார். விலைக்கு வந்த முதல் கணினிகளில் ஒன்றான ஃபெரான்டி மார்க் 1 அவர் வேலை செய்த யந்திரம். அங்கே அதே வேலைக்கு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும், நிர்வாகத்திடம் வாதாடிச் சம சம்பளம் பெற்றுத் தந்தார். வலையைப் பின்னியவரின் வீட்டில் கணினி வேலை அம்மா வழி வந்த சீதனம்! 'உனக்கு எதற்கு?' என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முதலில் உடம்பு

லேப்டாப்பில் 'நோட்பேட்' என்று ஒரு வெறும் ஏடு இருக்கும். அதைத் திறந்துகொள்ளுங்கள். வேறு எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம்.

முதல் நாள் நிறம், படம் எதையும் நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்துக்கு வருகிறவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். கடையின் பெயர், என்னென்ன தைப்பீர்கள், எத்தனை நாளில் கிடைக்கும், எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்குவது, எந்த எண்ணில் கூப்பிடுவது, இவ்வளவு போதும். வீட்டுக் கதவு எண்ணையும் குழந்தைகளின் படத்தையும் போடாதீர்கள். ஊர் உலகம் முழுவதும் பார்க்கிற சுவர் அது.

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் 'நீ இன்னார்' என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஊறுகாய் ஜாடிக்கு மாங்காய், எலுமிச்சை என்று ஒட்டுகிறோமே, அப்படி. இந்தச் சீட்டுகளின் மொழிதான் எச்.டி.எம்.எல். கோண அடைப்புக்குள் ஓர் ஆங்கிலக் குறியைப் போட்டுத் தொடங்க வேண்டும். முடிகிற இடத்தில் அதே குறியைச் சாய்கோட்டுடன் போட்டு மூட வேண்டும். இங்கே குறிகளின் ஒலியைத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தாகத் தட்டுங்கள்.

தலைப்புக்கு 'எச்1'. அதற்கு உட்பட்ட சிறு தலைப்புக்கு 'எச்2'. இப்படி 'எச்6' வரை 6 படிகள் உண்டு. பத்திக்கு 'பி'. பட்டியலுக்கு 'யூஎல்', அதற்குள் ஒவ்வோர் அயிட்டத்துக்கும் 'எல்ஐ'. வேறு பக்கத்துக்கு அழைத்துப் போகும் இணைப்புக்கு 'ஏ'. படத்துக்கு 'ஐஎம்ஜி', இதற்கு மட்டும் மூடுகிற சீட்டு கிடையாது. முதல் வாரத்துக்கு இந்த அரை டஜன் சீட்டுகள் தாராளம்.

ஓர் எச்சரிக்கை. 'எச்1' பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக, பெரிதாகக் காட்ட நினைப்பதற்கெல்லாம் அதை ஒட்டாதீர்கள். சீட்டு என்பது அந்தஸ்தைச் சொல்வது. அளவைச் சொல்வது உடையின் வேலை. வீட்டில் மூத்தவர் யார் என்பதை உயரத்தை வைத்தா தீர்மானிக்கிறோம்?

பக்கத்தின் தலைமாட்டில் மூன்று விஷயங்கள் அவசியம். 'லாங்' என்ற இடத்தில் 'டிஏ' என்று போட்டால், இது தமிழ்ப் பக்கம் என்று அர்த்தம். 'யூடிஎஃப்-8' என்ற குறியீட்டைச் சொன்னால்தான் தமிழ் எழுத்து தமிழாகத் தெரியும்; இல்லாவிட்டால் பூச்சி ஊர்ந்தமாதிரி ஏதோ வரும். 'வியூபோர்ட்' என்ற வரி இருந்தால்தான் செல்போன் திரையின் அகலத்துக்குப் பக்கம் அடங்கும். இல்லாவிட்டால் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிடும். இந்த மூன்று வரிகளையும் ஒரு முறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆயுசுக்கும் அதையே பிரதி எடுக்கலாம்.

கோப்பைச் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எச்.டி.எம்.எல். என்று முடியுங்கள். பிறகு அதன்மேல் இரண்டு தரம் தட்டினால் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ, உங்களிடம் உள்ள உலாவி அதைத் திறந்து காட்டும். வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்தாகத் தெரியும். முகம் சுளிக்க வேண்டாம். உடம்பு திடமாக வந்துவிட்டது!

பிறகு உடை

இந்தப் பக்கத்துக்குப் போடுகிற உடையின் பெயர் சி.எஸ்.எஸ். செர்னில் வேலை பார்த்த நார்வேக்காரர் ஹோக்கன் வியும் லீ, 1994 அக்டோபரில் இந்த யோசனையை வெளியிட்டார். டச்சுக்காரரான பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் இது உலக வலைக் கூட்டமைப்பின் முறையான பரிந்துரையாக வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் நிறம், அளவு, எழுத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி நிரப்பினார்கள். நூறு பக்கம் இருந்தால் நூறிலும் மாற்ற வேண்டும். பாட்டி உடம்போடு தைத்துவிட்ட ரவிக்கைமாதிரி, கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது.

உடை விதிக்கு மூன்றே கேள்விகள்: யாருக்கு? எதை? எப்படி? 'பி' என்று எழுதி, நெளி அடைப்பைத் திறந்து, 'கலர்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, நிறத்தின் பெயரை எழுதி, அரைப்புள்ளி வைத்து, அடைப்பை மூடினால் எல்லாப் பத்திகளும் அந்த நிறத்துக்கு வந்துவிடும். இந்த விதிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். பக்கத்தின் தலைமாட்டில் 'என் உடை அங்கே இருக்கிறது' என்று ஒரு 'லிங்க்' வரி. அவ்வளவுதான். நாளைக்குப் பத்துப் பக்கமானாலும் ஒரு கோப்பை மாற்றினால் பத்தும் மாறும்.

இதன் மகிமையைக் கண்ணால் காண ஆசைப்பட்டால், 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற தளத்தைப் பாருங்கள். 2003-இல் டேவ் ஷே என்ற கனடாக்காரர் தொடங்கியது. ஒரே கட்டுரை, ஒரே உடம்பு. உலகமெங்கும் இருந்து வடிவமைப்பாளர்கள் விதவிதமான உடைகளை அனுப்பினார்கள். ஒன்றில் தோட்டமாகவும் ஒன்றில் கடலடியாகவும் தோன்றும். உள்ளே ஒரு வார்த்தைகூட மாறவில்லை என்று நம்புவது கடினம்.

நிறங்களுக்கு எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. பெயர் பெற்றவை மட்டும் 140-க்கு மேல். அவற்றில் ஒன்று 'ரெபெக்காபர்ப்பிள்', ஊதா. எரிக் மேயர் என்ற அமெரிக்கர் சி.எஸ்.எஸ். பற்றிப் புத்தகங்கள் எழுதி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைக் கற்பித்தவர். அவருடைய மகள் ரெபெக்கா 2014 ஜூனில், தன் ஆறாவது பிறந்த நாளன்றே, மூளைப் புற்றுநோயால் இறந்துபோனாள். அவளுக்குப் பிடித்த நிறம் ஊதா. அந்தத் தொழிலில் இருந்த நண்பர்கள் ஒன்றுகூடி, ஓர் ஊதாவுக்கு அவள் பெயரை வைத்தார்கள். உலகத்து உலாவிகள் எல்லாம் இன்றைக்கும் அந்தப் பெயரை அறியும். கட்டளை, குறி என்று வறண்டு கிடக்கும் பாடத்துக்குள் ஒரு தகப்பனின் கண்ணீர் இருக்கிறது.

யார் பேச்சு செல்லும்?

'ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணுகிறது' என்றீர்களே, அதற்கு வருவோம்.

சி.எஸ்.எஸ். என்பதில் முதல் எழுத்துக்கு 'அருவிபோல் அடுக்கடுக்காக இறங்குவது' என்று பொருள். ஒரே பத்திக்கு இரண்டு விதிகள் இரண்டு விதமாகச் சொன்னால் எது செல்லும்? சமையலறையில் நாம் அன்றாடம் தீர்க்கிற வழக்குத்தான் இது. 'இந்த வீட்டில் குழம்புக்கு இவ்வளவு காரம்' என்பது பொது விதி. 'தாத்தாவுக்கு மட்டும் காரம் குறைவு' என்பது தனி விதி. தனி விதிதான் ஜெயிக்கும். இரண்டும் ஒரே தரத்து விதியானால்? கடைசியாகச் சொன்னது செல்லும்.

இன்னொன்று: எழுத்தின் நிறம், எழுத்தின் வகை போன்றவை பெரியவரிடமிருந்து உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குத் தானே இறங்கும். ஓரங்களும் கட்டங்களும் இறங்காது. குடும்ப ஜாடை வரும். நகை தானாக வராது.

தவறாக எழுதினால் உலாவி திட்டாது. புரியாத விதியைப் பேசாமல் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சாதுவான சுபாவம்தான். ஆனால் திட்டாத மாமியாரிடம் என்ன குறை என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம்! முதலில் அரைப்புள்ளி விட்டுப்போயிற்றா என்று பாருங்கள். பாதி வியாதி அங்கேதான். அடுத்தது, விசைப்பலகையில் எஃப் 12 பொத்தான். அதை அழுத்தினால் பக்கத்தின் உள்ளுறுப்பெல்லாம் தெரியும். எந்த விதி செல்லுபடியாகிறது, எது அடிபட்டுப் போயிற்று என்று கோடு போட்டுக் காட்டும். எந்தப் பெரிய கம்பெனியின் பக்கத்தையும் இப்படித் திறந்து பார்த்துப் படிக்கலாம். ரவிக்கையைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பதுபோல.

லூஸும் பார்டரும்

பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு பெட்டி. நடுவில் உடம்பு. உடம்புக்கும் துணிக்கும் இடையே லூஸ் விடுகிறீர்கள் அல்லவா, அதன் பெயர் இங்கே 'பேடிங்'. அதைச் சுற்றி 'பார்டர்'. உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதற்கு வெளியே, பக்கத்தில் இருப்பவர்மேல் இடிக்காமல் விடும் இடைவெளி 'மார்ஜின்'.

புதிதாகக் கற்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 'அகலம் 300' என்று எழுதினால் அது உடம்பு அளவுதான். இரு பக்கமும் 20, 20 லூஸும், 2, 2 பார்டரும் விட்டால் மொத்தம் 344 ஆகிவிடும். 300 இருக்கும் என்று நம்பி வைத்தவருக்குக் கட்டம் வெளியே நீட்டிக்கொள்ளும். உங்கள் கட்டம் நீட்டியதும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். பரிகாரம் எளிது. 'பாக்ஸ்-சைஸிங்' என்பதற்கு 'பார்டர்-பாக்ஸ்' என்று போட்டுவிட்டால், சொன்ன 300-க்குள்ளேயே லூஸையும் பார்டரையும் அடக்கிக்கொள்ளும். படம் ஓடிப்போவதற்கு 'மேக்ஸ்-விட்த்' 100 சதவிகிதம் என்று கட்டுப் போடுங்கள். எந்தச் சின்னத் திரையிலும் அடங்கி உட்காரும்.

தமிழ் பட்ட பாடு

உடம்பையும் உடையையும் பிரிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நம் தமிழே அந்தக் கஷ்டத்தைப் பட்டிருக்கிறது.

1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய ஒரு தளம் வலையில் வந்தது. அதில் தமிழை ஏற்றியவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. அந்த நாட்களில் தமிழை வலையில் ஏற்றுவது சாமானியக் காரியமல்ல. பலரும் கையாண்ட உபாயம் என்னவென்றால், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக்கான குறி. அதன்மேல் 'அ' மாதிரி, 'க' மாதிரித் தோன்றும் எழுத்துருவைப் போர்த்துவது. அதாவது உடம்பு தமிழில் இல்லை, உடைதான் தமிழ்.

விளைவு? ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையானால் தலையங்கம் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். உடையை உருவினால் உள்ளே ஆளே இல்லை! தேடினாலும் கிடைக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடி, பொதுக் குறியீடும் பொது விசைப்பலகையும் வேண்டும் என்று முயன்றது இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான்.

நிரந்தர மருந்தாக வந்தது யூனிகோடு. உலகத்து எழுத்துக்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். நம் 'அ'வுக்கு 2949. எந்த ஊரில், எந்த எழுத்துருவில் திறந்தாலும் 2949 என்றால் 'அ'தான். தமிழுக்குச் சொந்த உடம்பு கிடைத்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் ரசாயன விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களை இலவசமாக வலையில் ஏற்றி வருகிறது. தொண்டர்கள் பழைய குறியீட்டில் தட்டிய நூல்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றவேண்டி வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. பத்துப் பதினைந்து வருஷம் ஒரு மொழியே பட்ட அவஸ்தையிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான்: உடை இல்லாவிட்டாலும் உடம்பு பேச வேண்டும்.

தமிழுக்கு ஏற்ற அளவு

ஆங்கில வீடியோக்களில் சொல்லும் அளவுகளை அப்படியே தமிழுக்கு வெட்டாதீர்கள்.

நம் எழுத்துக்கு மேலே கொம்பும் சுழியும், கீழே வாலும் உண்டு. 'கி'யும் 'கு'வும் அடுத்தடுத்த வரியில் வந்தால் மோதிக்கொள்ளும். ஆகவே வரி இடைவெளியை, எழுத்தின் அளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரை வையுங்கள். சாய்வெழுத்து தமிழில் கண்ணை உறுத்தும். அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரமும் நேராக இழுத்துக் கட்டினால் நடுவில் பொத்தல் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

எழுத்தின் அளவை 'பிக்சல்' என்று முளை அடித்துவிடாமல் 'ரெம்' என்ற அளவில் சொல்லுங்கள். அப்போது, உலாவியில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு உங்கள் பக்கமும் பெரிதாகவே தெரியும். வெளிர் ரோஜா வண்ணத்தின்மேல் வெள்ளை எழுத்து பார்க்க நாசூக்குத்தான்; படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசத் தளங்கள் இருக்கின்றன.

எங்கே படிப்பது?

உங்கள் கொம்யூனின் தலைமை ஊரான வாகூருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் மானியமாக விடப்பட்டன. செப்பேடு சொல்கிறது. படிப்பு நடக்க வேண்டும் என்பதற்காக ஊரையே எழுதி வைத்தார்கள்.

இன்றைக்கு அந்த மானியம் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' என்ற தமிழ் மின்னிதழ் கணினி விஷயங்களைத் தமிழிலேயே தருகிறது. அதில் எழுதும் து. நித்யா என்ற பெண்மணி 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டுக்கும் நூல்கள் எழுதியிருக்கிறார். காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டு படிக்கலாம்; பிறருக்கும் கொடுக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் கைவந்ததும், மொசில்லா நடத்தும் எம்.டி.என். தளத்தை அகராதிபோல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். பக்கம் தயாரானதும் ஏற்றி வைக்க 'கிட்ஹப் பேஜஸ்' போன்ற இலவச இடங்கள் உண்டு. ஆக, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வகுப்பில் சேர்வதற்கு முன், ஒரு மாதம் தினம் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

முதல் வாரம் உடம்பு மட்டும். இரண்டாம் வாரம் எழுத்து, நிறம். மூன்றாம் வாரம் பெட்டி. நான்காம் வாரம் செல்போன் திரைக்குப் பொருத்துவது. அசைகிற படம், பளபளக்கும் பொத்தான் எல்லாம் அதற்கப்புறம்.

யாருக்காக?

இவ்வளவு மெனக்கெடல் யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டது. அப்படிப்பட்ட ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை, போனில் கடைசிக் கொஞ்சம் உயிர், சிக்னல் ஒரு கோடு. எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம், எந்த எண்ணில் கூப்பிடுவது என்று ஒருவர் தேடுகிறார். நோட்டீஸைப் படம் பிடித்து ஏற்றியிருந்தால் அது 3 மெகாபைட்; சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதே செய்தி எழுத்தாக இருந்தால்? நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரை முழுவதுமே எழுத்தாகச் சில பத்துக் கிலோபைட்தான். அந்தப் படத்தில் மிகச் சிறிய பங்கு.

கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அவை பார்ப்பது உடையை அல்ல. 'எச்1', 'எச்2' என்று நீங்கள் ஒட்டிய சீட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுகின்றன. படத்துக்கு 'ஆல்ட்' என்ற இடத்தில் ஒரு வரி விவரம் எழுதியிருந்தால், 'நீலப் பட்டு ரவிக்கை, முழங்கை வரை கை' என்று அவர்கள் காதில் விழும். எழுதாவிட்டால் வெறும் 'படம்'.

எனவே பக்கம் முடிந்ததும் ஒரு பரீட்சை வையுங்கள். உடைக் கோப்புக்குப் போகும் அந்த ஒரு 'லிங்க்' வரியைச் சற்று நேரம் எடுத்துவிட்டு, வெறும் பக்கத்தை மேலிருந்து கீழே படியுங்கள். யார், என்ன, எங்கே, எப்படி என்பதெல்லாம் வரிசையாகப் புரிகிறதா? புரிந்தால் தேறிவிட்டீர்கள். வரியைத் திரும்பப் போட்டு, இஷ்டம்போல் பார்டர் வைத்து, ஜரிகை வைத்து அலங்காரம் செய்யுங்கள். ஊதாவும் சேர்த்துக்கொள்ளலாம்.